மதுரகவிகளின் ஆசார்ய நிஷ்டை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நாஞ்சில் நாட்டில் சுசீந்திரத்துக்கு அருகேயுள்ள திருவண்பரிசாரம், நம்மாழ்வாரின் திருத்தாயார் உடையநங்கையார் அவதரித்த தலம். அவருடைய திருக்குமாரரைத் தம் ஆசார்யராகப் பற்றியவர் திருக்கோளூர் மதுரகவிகள்.

வடநாட்டு யாத்திரையில் இருந்தவர், தென்திசையில் கண்ட ஒளியைப் பின்பற்றித் திருக்குருகூர்த் திருப்புளியடியை அடைந்தார் என்பது குருபரம்பரை. இவர் வயது முதிர்ந்த வித்வான். ஆழ்வாரோ 16 வயதுப் பிள்ளை. ஆயினும் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்ததும் அத்திருவடிகளிலேயே விழுந்தார். கற்றவர்க்கு இதுவே அரிய துணிவு.

ஆழ்வார் திருநாட்டுக்கு எழுந்தருளியபின், அவருடைய அர்ச்சா விக்ரஹத்தை எழுந்தருளப்பண்ணி, விருது கூறி உத்ஸவம் நடத்தினார் மதுரகவிகள். மதுரைச் சங்கத்தார் அவ்விருதை மறுத்தனர். தாமே கவியாயிருந்தும் தம் கவியை முன்வைக்கவில்லை. ஆழ்வாரின் பாசுர அடி ஒன்றே சங்கப்பலகையில் வைக்கப்பட்டது. பலகை அதனையே ஏற்றது. தம் பெருமைக்காக நின்றிருந்தால் தோல்வியை அஞ்சியிருப்பார். ஆசார்யர் திருவாக்குக்காக நின்றவர்க்கு அச்சம் ஏது?

ஆழ்வாரை மட்டுமே பாடிய அவருடைய கண்ணிநுண்சிறுத்தாம்பு 11 பாசுரங்களே. அதனை 12,000 உரு அநுஸந்தித்தே நாதமுனிகள் நாலாயிரத்தையும் பெற்றார். இன்று நாம் திருவாய்மொழி சேவிப்பது அந்தச் சிஷ்யர் விலகாது நின்றதன் பயன்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.