முதலீட்டு வங்கியில் ஒரு கோடை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

எம்பிஏ முதலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, ஏப்ரலில் மும்பைக்குப் பெட்டி கட்டும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். பாந்த்ரா குர்லா வளாகத்திலோ லோயர் பரேலிலோ இருக்கும் ஒரு முதலீட்டு வங்கியில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப். நானும் அப்படிப் போனவன்தான். அந்த வேலையைப் பற்றி வீட்டிலும் விடுதியிலும் எனக்குச் சொல்லப்பட்டவற்றில் பாதிக்கு மேல் தவறு. அதே பேச்சுதான் இன்றும் என் காதில் விழுகிறது. அதை நம்பி ஆசைப்படுகிறவர்களும் உண்டு, பயந்து ஒதுங்குகிறவர்களும் உண்டு. இருவருக்காகவும் இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: மக்களின் பணத்தை வாங்கிப் பங்குகளில் போடுவதுதான் முதலீட்டு வங்கியின் வேலை.

உண்மை: முதலீட்டு வங்கிப் பிரிவில் யாரும் டெபாசிட் வாங்குவதில்லை. ஒரு நிறுவனத்துக்கு மூலதனம் திரட்டித் தருவது, ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போதோ விற்கும்போதோ விலையிலும் பேரத்திலும் துணை நிற்பது, அதற்குக் கட்டணம் பெறுவது: இவ்வளவுதான். ஸ்ரீபெரும்புதூர் அருகே கார் தயாரிக்கும் ஹூண்டாய் மோட்டார் இந்தியா 2024 அக்டோபரில் பங்குச் சந்தைக்கு வந்ததே, சுமார் 27,870 கோடி ரூபாய்க்கு. அதற்கு முன் 2022-இல் வந்த எல்ஐசி வெளியீட்டை விடவும் பெரியது. அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட இந்திய நிறுவனத்தின் கணக்குக்குப் போகவில்லை. கொரியத் தாய் நிறுவனம் தன் பங்கில் 17.5 சதவீதத்தை விற்றது, பணம் அங்கே போனது. இப்படிப்பட்ட விற்பனைக்கு விலை வரம்பை ஆலோசிப்பது, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியிடம் தரவேண்டிய வரைவு ஆவணத்தைத் தயாரிப்பது, முதலீட்டாளர்களைத் திரட்டுவது எல்லாம் முதலீட்டு வங்கிகளின் பொறுப்பு. அந்த ஆவணம் பல நூறு பக்கம் போகும். அதிலுள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதாரம் கையில் இருக்க வேண்டும். கோடையில் வரும் மாணவர் பெரும்பாலும் உட்காருவது அந்த ஆதாரக் கோப்புகளின் முன்னால்தான்.

நம்பிக்கை: கணக்கில் புலியாக இருந்தால்தான் அங்கே பிழைக்க முடியும்.

உண்மை: தேவைப்படும் கணக்கு பள்ளிக்கூடக் கணக்கு. கூட்டல், கழித்தல், சதவீதம், கூட்டு வட்டி. இதைத் தாண்டி அங்கே நான் பார்த்தது அரிது. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் மதிப்பைச் சொல்ல, அதே தொழிலில் உள்ள ஏழெட்டு நிறுவனங்களை அருகே வைத்துப் பார்ப்பார்கள். ஒருவர் ஆண்டறிக்கையை லட்சத்தில் போட்டிருப்பார், மற்றவர் கோடியில், இன்னொருவர் மில்லியனில். ஒருவரின் நிதியாண்டு மார்ச்சில் முடியும், வெளிநாட்டு நிறுவனத்துக்கு டிசம்பரில். துணை நிறுவனங்களைச் சேர்த்த கணக்கு ஒன்று, சேர்க்காத கணக்கு ஒன்று. நிலம் விற்று வந்த லாபம் அந்த ஓராண்டுக்கு மட்டும் உரியது, அதைக் கழிக்க வேண்டும். இவற்றில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் கீழே வரும் எல்லா விகிதமும் பிசகும். பார்க்க மட்டும் அழகாக இருக்கும். எக்செலில் கையால் இட்ட எண்ணை நீலத்திலும், சூத்திரத்தால் வந்ததைக் கறுப்பிலும் வைக்கும் வழக்கம் இதற்காகத்தான்: எந்த எண் எங்கிருந்து வந்தது என்று அடுத்தவருக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே அவர்கள் உங்களிடம் சோதிப்பது ஒன்றே ஒன்று, நீங்கள் கொடுத்த எண்ணை நம்பி மேலே அனுப்பலாமா என்பது. எங்களோடு வந்த ஒரு பெண், சிறிய ஊரிலிருந்து வந்தவர், கூட்டத்தில் அதிகம் பேசமாட்டார். யாராவது கேட்டால், “இது தெரியவில்லை, ஆண்டறிக்கையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்பார். சொன்னபடி பார்த்துச் சொல்வார். சில வாரங்களில் பெரிய கோப்புகள் நேராக அவர் மேசைக்கே போயின. எல்லாவற்றுக்கும் உடனே பதில் சொன்னவர்களின் கோப்புகளை வேறொருவர் மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தார். பொறியியல் படித்தவர், சி.ஏ. முடித்தவர், பொருளியல் படித்தவர் எல்லாரும் இந்த வேலையில் இருக்கிறார்கள். எதைப் படித்தீர்கள் என்பதை விட எப்படிச் சரிபார்க்கிறீர்கள் என்பதே பெரிது.

நம்பிக்கை: இன்டர்ன் என்றால் சம்பளமில்லாத எடுபிடி.

உண்மை: பெரிய வங்கிகள் நல்ல உதவித்தொகை தருகின்றன. முன்னணி ஐஐஎம் மாணவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு அது லட்சங்களில் இருக்கும். நியூயார்க்கில் கோடைக்கால மாணவர்களுக்கு, முதலாண்டு அனலிஸ்ட்டின் (தொடக்க நிலை ஊழியரின்) ஆண்டுச் சம்பளத்தை வாரக் கணக்கில் பிரித்துத் தருகிறார்கள்.

நம்பிக்கை: பிள்ளை அங்கே இருக்கிறான், எந்த ஷேர் ஏறும் என்று அவனுக்குத் தெரியும்.

உண்மை: ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்வார். “தம்பி, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுப்பா” என்பார். அவருக்கு அது பாசமான கேள்வி. மாணவருக்கு அது சிறை வாசல். வெளியாகாத விலை பாதிக்கும் தகவலைப் பெற்ற யாரும், இரண்டு மாதத்துக்கு வந்த மாணவர் உட்பட, செபியின் 2015 ஆம் ஆண்டு உள்வட்ட வணிகத் தடை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். யாரிடம் அந்தத் தகவல் இருக்கிறது என்பதை பான் எண்ணோடு பதிந்து வைக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. செபி சட்டத்தின் 15ஜி பிரிவில் குறைந்த அபராதமே 10 லட்சம் ரூபாய். மேல் வரம்பு 25 கோடி, அல்லது ஈட்டிய லாபத்தின் மூன்று மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது.

கொழும்பில் பிறந்த தமிழரும் அமெரிக்காவில் முதலீட்டு நிதி நடத்தியவருமான ராஜ் ராஜரத்தினத்தின் வழக்கை இந்த வேலைக்குப் போகும் ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். 2008 செப்டம்பர் 23 அன்று, வாரன் பஃபெட்டின் நிறுவனம் 500 கோடி டாலர் போடுவதற்கு, அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸின் இயக்குநர் குழு ஒப்புதல் தந்தது. கூட்டம் முடிந்த சில நொடிகளில் குழு உறுப்பினர் ரஜத் குப்தா ராஜரத்தினத்துக்குப் போன் செய்தார். ராஜரத்தினத்துக்கு 2011-இல் 11 ஆண்டுச் சிறை, குப்தாவுக்கு 2012-இல் 2 ஆண்டு. கோல்ட்மேன் பங்குகளை வாங்கியது ராஜரத்தினம்தான். குப்தா தனக்காக வாங்கவில்லை, சொன்னதே குற்றம். சித்தப்பாவிடம் “அதைப் பத்திப் பேசக் கூடாது சித்தப்பா” என்று முதல் போனிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவர் கோபித்துக்கொண்டால் பொங்கலுக்குள் சரியாகிவிடும்.

நம்பிக்கை: இன்டர்ன்ஷிப் முடிவில் முன்கூட்டிய வேலை உத்தரவு (பிபிஓ) வராவிட்டால் தோல்வி.

உண்மை: எத்தனை பேருக்கு அந்த பிபிஓ தருவது என்பதை அடுத்த ஆண்டு எத்தனை வெளியீடுகள் வரும் என்ற கணிப்பும் சேர்ந்தே முடிவு செய்கிறது. சந்தை உறைந்த ஆண்டில் நன்றாகச் செய்தவரும் வெறுங்கையோடு திரும்புவார். இறுதி வளாகத் தேர்வு அதற்குப் பிறகும் இருக்கிறது.

நம்பிக்கை: இரவு முழுக்க விழித்திருப்பவனே உழைப்பாளி, அவனுக்கே வேலை.

உண்மை: எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். இரவு ஏன் நீள்கிறது என்று முதலில் பார்ப்போம். மேலதிகாரிகள் பகலெல்லாம் வாடிக்கையாளர் கூட்டங்களில் இருப்பார்கள். மாணவர் செய்துவைத்த பக்கங்களை அவர்கள் புரட்டிப் பார்ப்பது மாலை ஏழுக்கோ எட்டுக்கோ மேல். திருத்தங்கள் அப்போதுதான் வரும். மறுநாள் காலை பத்து மணிக்குக் கூட்டம். பகலில் காத்திருப்பு, இரவில் வேலை. திருத்தமே வராத இரவுகளிலும், மூத்தவர் கிளம்பவில்லை என்பதற்காக இளையவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இது வேலையை ஒழுங்கு செய்யாதவர்களின் குறை. மாணவரின் உழைப்புக்கு இது அளவுகோல் ஆகாது. அதிகாலை மூன்று மணிக்குத் தூக்கக் கண்ணோடு லட்சத்தைக் கோடியாக வாசிப்பவரால் யாருக்கு என்ன லாபம்?

2013 ஆகஸ்டில் லண்டனில் ஒரு வங்கியின் கோடைக்கால மாணவர், 21 வயது ஜெர்மானியர், தங்கியிருந்த இடத்தில் இறந்து கிடந்தார். மூன்று இரவுகள் தூங்காமல் வேலை செய்தார் என்று செய்திகள் வந்தன. வேலையே கொன்றது என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். விசாரணை சொன்னது வேறு: வலிப்பினால் நேர்ந்த இயற்கை மரணம். களைப்பு அந்த வலிப்பைத் தூண்டியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. அவர் ஏற்கெனவே வலிப்புக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர். உண்மை இவ்வளவே. ஆனால் இந்த உண்மை யாருக்கும் ஆறுதல் தராது.

அதன் பிறகு விதிகள் வந்தன. 2015-இல் கோல்ட்மேன் சாக்ஸ், கோடைக்கால மாணவர்கள் நள்ளிரவுக்குள் கிளம்ப வேண்டும், காலை 7 மணிக்கு முன் வரக் கூடாது என்றது. அப்படியும் நாளுக்கு 17 மணி நேரம் மிஞ்சுகிறது! 2021-இல் அதே வங்கியின் முதலாண்டு அனலிஸ்ட்கள் 13 பேர் தாங்களே எடுத்த கணக்கில் வாரத்துக்குச் சராசரியாக 95 மணி நேரத்துக்கும் மேல் வேலை, இரவுக்கு 5 மணி நேரத் தூக்கம். 2024-இல் ஜேபி மோர்கன் இளநிலை ஊழியர்களுக்கு வாரம் 80 மணி நேர வரம்பு வைத்தது. 80 என்பதும் அதிகம் என்றே நான் சொல்வேன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு வலிப்போ சர்க்கரையோ ஆஸ்துமாவோ இருந்தால், வேலை போய்விடுமோ என்று பயந்து மறைக்கச் சொல்லாதீர்கள். சேரும் முதல் நாளே மனிதவளத் துறையிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். மாத்திரை நேரமும் தூங்கும் நேரமும் எந்தத் திருத்தத்துக்காகவும் தள்ளிப் போகக் கூடாது என்று நீங்களே அவர்களிடம் சொல்லி அனுப்புங்கள்.