தானாக விடுபடும் ஹேண்ட் பிரேக்

சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் மாமா தன்னுடைய காரை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார். எங்கள் வீட்டிலிருந்து பிரதான வீதிக்குச் செல்ல ஒரு கொங்கிறீட் ஏற்றம் உண்டு. வாப்பா காரை அதன் நடுவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் ஆளியை இழுத்துவிட்டு, எதிரே வந்த முச்சக்கர வண்டிக்கு வழிவிட்டார். பிறகு ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதித்தார். என்ஜின் சத்தம் கூடியது, கார் அசையவில்லை. பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. வாப்பா வியர்த்துப்போய் மாமாவுக்குக் கோல் எடுத்தார்.

"மச்சான், பெல்ட் போட்டிருக்கீங்களா?" மாமா கேட்டது அவ்வளவுதான்.

போட்டிருக்கவில்லை. மேலே கடை வரைக்கும்தானே என்று நினைத்திருந்தார். பெல்ட்டைக் கொழுவிவிட்டு மீண்டும் மிதித்தார். பின்சில்லுகளின் பக்கம் 'ர்ர்ர்' என்று ஒரு சிறு சத்தம். கார் கொஞ்சமும் பின்னுக்கு வழுகாமல் ஏறியது.

பெல்ட்டுக்கும் பிரேக்குக்கும் என்ன தொடர்பு? உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் எனக்கு இக்கேள்வி விடுமுறை முழுவதற்கும் போதுமாக இருந்தது.

பழைய ஹேண்ட் பிரேக்கை நாம் அறிவோம். கைபிடியை இழுத்தால் காரின் அடியில் ஓடும் உருக்குக் கேபிள் இழுபட்டுப் பின்சில்லுகளின் பிரேக் இறுகும். நுனியிலுள்ள பொத்தானை அமுக்கிக் கைபிடியை இறக்கினால் விடுபடும். மின் பிரேக்கில் கைபிடி இல்லை. விரலளவு ஆளி ஒன்று மட்டுமே. இன்று அதிகம் காணப்படும் அமைப்பில், இரண்டு பின்சில்லுகளின் பிரேக்கிலும் ஒவ்வொரு சிறிய மின்மோட்டார் பொருத்தப்பட்டுள்ளது. அது பற்சில்லுகளின் வழியாக ஒரு திருகைச் சுழற்றுகிறது. திருகு சுழல, அதிலுள்ள சுரை முன்னே நகர்ந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பிரேக் பேட்டைத் தட்டின் மீது அழுத்தும்.

இங்கேதான் நமது பாடப்புத்தகம் வருகிறது. திருகு என்பது ஓர் உருளையைச் சுற்றிய சாய்தளமேயன்றி வேறல்ல. சாய்தளத்தின் கோணம் உராய்வுக் கோணத்தைவிடக் குறைவாக இருந்தால், மேலே வைத்த பொருள் தானாக வழுகாது என்று படித்திருக்கிறோம். இந்தத் திருகின் புரிகளும் அப்படி மிகக் குறைந்த சரிவுடையவை. ஆகவே பேட் எவ்வளவு பலமாகத் திருப்பித் தள்ளினாலும் திருகு பின்னோக்கிச் சுழலாது. மோட்டாரை நிறுத்தி, திறப்பை எடுத்துக்கொண்டு போனாலும் பிரேக் இறுகியே இருக்கும். பிடித்து வைத்திருக்க மின்சாரம் தேவையில்லை. இறுக்கவும் விடுவிக்கவும் மட்டுமே தேவை.

விடுவிப்பது எளிது. மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் அது எதிர்ப்பக்கம் சுழலும், சுரை பின்வாங்கும். வாப்பாவின் காரில் நான் கேட்ட 'ர்ர்ர்' இதுதான். எவ்வளவு தூரம் பின்வாங்குவது என்பதை பிரேக்கின் கணினி எப்படி அறிகிறது? மின்னோட்டத்தை அளந்துதான். பாரம் அதிகமானால் மோட்டார் அதிக மின்னோட்டத்தை எடுக்கும். பேட் தட்டை விட்டு விலகியதும் மின்னோட்டம் குறைந்துவிடும். அதிலிருந்து இன்னும் சற்றுச் சுழன்று, தேவையான இடைவெளியை விட்டு நின்றுவிடும்.

ஆனால் எப்போது விடுவிப்பது என்பதே கடினமான கேள்வி. எங்கள் ஏற்றத்தையே கணக்கிட்டுப் பார்த்தேன். பாதை வழியே 8 மீற்றர் போனால் 1 மீற்றர் உயரம் என்று வைப்போம். ஆட்களோடு காரின் திணிவு 1400 கிலோகிராம். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டால், காரைக் கீழே இழுக்கும் விசை 14000 ஐ 8 ஆல் வகுக்க 1750 நியூற்றன். சில்லின் ஆரை 0.3 மீற்றர் என்றால், சில்லுகளில் 525 நியூற்றன் மீற்றர் முறுக்கம் வேண்டும். கியர்களால் என்ஜினின் முறுக்கம் 12 மடங்காகிறது என எடுத்து, இழப்புகளை விட்டுவிட்டால், என்ஜின் ஏறத்தாழ 44 நியூற்றன் மீற்றர் தரவேண்டும். இதற்கு முன்பே பிரேக் விடுபட்டால் கார் பின்னுக்கு வரும். பின்பு விடுபட்டால் கார் பிரேக்கோடு மல்லுக்கட்டி, திடீரென்று குதித்து ஓடும்.

மனிதச் சாரதி இதைக் காதாலும் காலாலும் உணர்ந்து செய்கிறார். சரிவை அளக்கும் உணரியுள்ள கார்களில் கணினியும் இதே கணக்கைப் போடுகிறது. என்ஜின் தரும் முறுக்கம் எவ்வளவு என்பதை என்ஜினின் கணினி சொல்லிவிடும். இரண்டையும் ஒப்பிட்டு, போதும் என்று கண்ட பின்னரே மோட்டாரை இயக்கும். சமதரையில் இலேசாக மிதித்தாலே விடுபடுவதும், ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் மிதிக்கச் சொல்வதும் இதனாலேயே.

பெல்ட் விடயத்துக்கு வருகிறேன். ஆக்ஸிலேட்டர் மிதிபட்டது என்பதால் மிதித்தவர் போகத் தயாராக இருக்கிறார் என்று முடிவு செய்ய முடியாது. கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும்போது கால் தவறிப் பட்டிருக்கலாம். ஆகவே கணினி வேறு சாட்சிகளையும் கேட்கிறது. நம் வீதிகளில் அதிகம் ஓடும் ஹொண்டா வெசல் போன்றவற்றில் என்ஜின் ஓட வேண்டும், கியர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருக்கக்கூடாது, சாரதியின் பெல்ட் கொழுவியிருக்க வேண்டும். சில ஐரோப்பியக் கார்கள் சாரதியின் கதவு மூடியிருக்கிறதா என்றும் பார்க்கின்றன. டொயோட்டா சி-எச்ஆர் போன்ற சிலவற்றில் வழி வேறு: பிரேக்கை மிதித்தபடி கியரைப் பார்க்கிலிருந்து எடுத்ததுமே விடுபட்டுவிடும்.

இதையெல்லாம் தேடிப் படித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, உம்மா என்னையும் தம்பியையும் வேனில் இருத்திவிட்டு ஒரு நிமிடம் கடைக்குள் போனார். நான் வாப்பாவைப் போல் சாரதி ஆசனத்தில் ஏறி, ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை இரண்டு கைகளாலும் அமுக்கினேன். வேன் பின்னுக்கு உருளத் தொடங்கியது. கடையில் வேலை செய்த ஒரு நானா ஓடிவந்து சில்லுக்கு அடியில் கல்லைப் போட்டார். நான் தொட்டதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. பிரேக் பழுது என்றே எல்லோரும் நினைத்தார்கள். உம்மா அந்தக் கல்லை நெடுநாள் வேனுக்குள்ளேயே வைத்திருந்தார்.

அந்தக் கைபிடி எதையும் கேட்கவில்லை; யார் அமுக்கினாலும் விட்டுக்கொடுத்தது. மின் பிரேக்கை ஆளியால் விடுவிக்க இக்னிஷன் போட்டிருக்க வேண்டும். கூடவே பிரேக்கைக் காலால் மிதித்திருக்கவும் வேண்டும். ஆறு வயதுக் காலுக்கு அது எட்டியிராது. ஆயினும் ஏசி ஓடட்டும் என்று என்ஜினை நிறுத்தாமல் பிள்ளைகளைத் தனியே விட்டுப்போகும் பெற்றோருக்கு இது அனுமதிச் சீட்டல்ல. என் தம்பி இப்போது பத்து வயது. அவன் கால் எட்டுகிறது.

கார் வைத்திருப்போருக்கு இன்னும் இரண்டு விடயங்கள். பற்றரி முழுவதும் இறங்கிவிட்டால் மோட்டார் சுழலாது, பிரேக்கும் விடுபடாது. வேறொரு பற்றரியிலிருந்து மின் கொடுத்த பின்னரே காரை நகர்த்தலாம். மற்றது, பின்பக்க பேட் மாற்றும்போது பழைய முறைப்படி பிஸ்டனைப் பலவந்தமாக உள்ளே தள்ளக்கூடாது. தானாகப் பின்வாங்காத அதே திருகுதான் அங்கேயும் குறுக்கே நிற்கிறது. தள்ளினால் உள்ளே உடையும். முதலில் கணினி மூலம் மோட்டாரைப் பின்வாங்கச் செய்ய வேண்டும். அதற்கான கருவி கராஜில் இருக்கிறதா என்று சில்லைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.