லண்டனில் ஒரு மாணவரின் வரவு செலவு

அயல்நாட்டு வாழ்க்கைச் செலவைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நம்மில் பெரும்பாலோர் ஒரே வழியைத்தான் கையாளுகிறோம். அங்குள்ள விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மூக்கின்மேல் விரல் வைப்போம்; அங்குள்ள சம்பளத்தையும் அவ்வாறே பெருக்கிப் பார்த்து வாயைப் பிளப்போம். இவ்விரண்டும் பயனற்ற கணக்குகள் என்பது என் கருத்து. முன்பின் அறியாத ஊரில் சிறுதொகையோடு வந்து இறங்கியவனுக்கு உண்மையில் எது செலவு வைக்கிறது என்று அறிய வேண்டுமானால், ஒருவருடைய கணக்கை எடுத்து வரி வரியாகப் பார்த்தல் வேண்டும்.

அதற்காக நான் எடுத்துக்கொண்டது, 1888 முதல் 1891 வரை லண்டனில் சட்டம் பயின்ற மோகன்தாஸ் காந்தி என்னும் மாணவரின் கணக்கு. அடிகள் 'சத்திய சோதனை'யில் தம் மாணவப் பருவச் செலவுகள் பலவற்றைத் தொகையோடு சொல்லியுள்ளார். அப்பகுதியை நாம் ஒழுக்கப் பாடமாகவே படித்துப் பழகிவிட்டோம். பொருளியல் மாணவன் என்ற முறையில் நான் அதைப் பேரேடாகப் படித்துப் பார்த்தேன்.

முதலில் பணம் வந்த வழி. பாரிஸ்டர் படிப்புக்கு நாலைந்து ஆயிரம் ரூபாய் ஆகும் என்று குடும்ப நண்பர் ஒருவர் சொன்னார். போர்பந்தர் சமஸ்தானத்தில் உதவி கேட்டுப் போனதில், முதலில் பி.ஏ. தேறி வா என்ற பதில்தான் கிடைத்தது. இரண்டு மூவாயிரம் பெறுமான தம் மனைவியின் நகைகளை விற்கலாம் என்று கூட எண்ணினார். முடிவில் தமையனார் பொறுப்பேற்றார். கடல் கடந்தால் சாதிவிலக்கு என்று பம்பாயில் பஞ்சாயத்தார் தீர்ப்பளிக்கவே, பணத்தை வைத்திருந்த மைத்துனர் தர மறுத்துவிட்டார்; கப்பல் கட்டணத்திற்கு இன்னொருவரிடம் கைமாற்று வாங்க நேர்ந்தது. ஆகவே நாம் பார்க்கப்போவது கடனில் தொடங்கிய கணக்கு. இன்று வங்கிக் கடனில் விமானம் ஏறும் மாணவர்களுக்கு இது அந்நியமானது அன்று.

அடுத்து நாணய மாற்று. அக்காலத்தில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங்; 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. (இந்தப் பழைய முறை 1971இல் கைவிடப்பட்டது.) நம் ரூபாயோ வெள்ளி நாணயம், பவுண்டு தங்கத்தைச் சார்ந்தது. 1870களில் ஜெர்மனி முதலிய நாடுகள் தங்கத்திற்கு மாறியதால் வெள்ளியின் மதிப்பு சரிந்தது. அப்பத்தாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 2 ஷில்லிங் பெற்ற ரூபாய், 1888இல் சுமார் 1 ஷில்லிங் 4 பென்ஸ்தான் பெற்றது. ஐயாயிரம் ரூபாயை இரண்டு விகிதத்திலும் மாற்றிப் பாருங்கள்: முன்னதில் 500 பவுண்டு, பின்னதில் 333 பவுண்டு. மூன்றாண்டுக்குப் பகிர்ந்தால் மாதம் 14 பவுண்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்திருக்க வேண்டியது, 9 பவுண்டு சொச்சமாகச் சுருங்குகிறது. மாணவர் ஒரு காசும் கூடுதலாகச் செலவிடாமலே, ராஜ்கோட்டில் இருந்த தமையனாரின் சுமை ஏறிற்று. வெளிநாட்டில் படிப்பவர் கணக்கில் இந்த வரி கண்ணுக்குத் தெரிவதில்லை.

இனிச் செலவுக்கு வருவோம். அடிகள் சிக்கனத்தின் உச்சத்தில் நாளொன்றுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸில், அதாவது 15 பென்ஸில், காலம் தள்ளினார். வாடகை நீங்கலான சாப்பாட்டுச் செலவு என்று இதனைக் கொள்கிறேன். இந்த 15 பென்ஸையே அளவுகோலாக்கிவிட்டால், ரூபாயில் பெருக்கும் வேலை மிச்சமாகிறது. எந்தச் செலவும் எத்தனை நாள் சோறு என்று தெரிந்துவிடுகிறது.

லண்டன் சேர்ந்ததும் அவர் விக்டோரியா ஓட்டலில் தங்கினார். சில நாளில் பில் 3 பவுண்டு. அளவுகோலின்படி 48 நாள் சாப்பாடு! வயிறோ நிறையவில்லை. ஒரு பண்டம் பிடிக்காமல் வேறொன்றைக் கேட்டால் இரண்டுக்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. பம்பாயிலிருந்து கொண்டுபோன தின்பண்டங்களே பசியாற்றின. இந்த 3 பவுண்டை நான் ஓட்டல் செலவு என்று எழுதமாட்டேன். அறியாமைக்குச் செலுத்திய வரி என்று எழுதுவேன். புதிதாய் வந்தவன் எங்கும் கட்டும் வரி அது.

பிறகு கனவானாக மாறும் ஆசை வந்தது. உயரமான பட்டுத்தொப்பி 19 ஷில்லிங். 15 நாள் சாப்பாடு. பாண்டு தெருவில் தைத்த மாலைநேர உடுப்பு 10 பவுண்டு. 160 நாள் சாப்பாடு. நடனப் பயிற்சிக்கு 3 பவுண்டு, வயலின் வாங்க 3 பவுண்டு, பேச்சுப் பயிற்சிக்கு ஒரு கினி. இந்த மயக்கம் ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்தது. இதைச் சொல்லி நகைப்பது எளிது. ஆனால் அயலான் ஒருவன் தெருவில் பிறர் கண்ணை உறுத்தாமல் நடப்பதற்குக் கொடுக்கும் விலையும் வாழ்க்கைச் செலவில் அடங்கியதே. வெள்ளைப் பிளானல் உடையுடன் கப்பலிலிருந்து இறங்கி, அவ்வாறு உடுத்தியவர் தாம் ஒருவர்தான் என்று கண்டு கூசியவர் அவர்.

இந்தக் காலத்திலும் ஒரு பழக்கம் அவரிடம் மாறவில்லை. பஸ் கட்டணம், தபால் தலை, செய்தித்தாள் என்று ஒவ்வொரு காசையும் குறித்து, படுக்கும்முன் மீதியைச் சரிபார்ப்பார். அந்தக் கணக்கே அவருக்கு வழி காட்டியது. செலவைப் பாதியாக்கத் துணிந்தபோது எதில் கை வைத்தார் என்பதுதான் நான் வற்புறுத்த விரும்புவது. சாப்பாட்டில் அன்று! கணக்கில் மீண்டும் மீண்டும் தென்பட்டது வண்டிச் சத்தம். அடுத்தது, ஒரு குடும்பத்துடன் தங்கியிருந்ததால் வாராவாரம் செலுத்திய பில். வெளியில் சாப்பிட்ட நாளுக்கும் அதில் கழிவு கிடையாது. விடுதி மெஸ் பில்லோடு மல்லாடும் நம் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவ்வீட்டாரை அவ்வப்போது விருந்துக்கு அழைத்துச் செல்லும் மரியாதைச் செலவு வேறு. எனவே வேலையுள்ள இடத்திற்கு அரைமணி நேரத்தில் நடந்து செல்லும் தொலைவில் தனி அறைகள் பிடித்தார். நாளொன்றுக்கு எட்டுப் பத்து மைல் நடை. வண்டிச் சத்தம் ஒழிந்தது. உடலும் உரம் பெற்றது.

இரண்டாம் கட்டமாக, இரண்டு அறையை ஓர் அறையாக்கி ஓர் அடுப்பு வாங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும். சமைக்க 20 நிமிடம். பகலுணவு வெளியில். இரவு ரொட்டியும் கோகோவும். இம்மாற்றத்தால் மாதம் நாலைந்து பவுண்டு மிஞ்சும் என்பது அவர் போட்ட கணக்கு. வாரம் 2 ஷில்லிங் வாடகையில் குடிசைப் பகுதியில் தங்கி, வேளைக்கு 2 பென்ஸ் கோகோவும் ரொட்டியும் உண்டு படித்த மாணவர் ஒருவரையும் அவர் கண்டிருக்கிறார். அந்த அளவுக்குத் தாம் இறங்கவில்லை. அது நல்லதே என்று நினைக்கிறேன்.

இவற்றிற்கெல்லாம் முன்னரே நிகழ்ந்த ஒன்று பேரேட்டில் தொகையாக ஏறவில்லை. தாயிடம் சத்தியம் செய்து கொடுத்து வந்தவர் அவர், இறைச்சி தொடமாட்டார். வீட்டுக்காரர் வைக்கும் இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்கு மேல் கேட்கக் கூச்சம். மாதக்கணக்கில் அரைப்பட்டினி. தினமும் பத்துப் பன்னிரண்டு மைல் அலைந்ததில் ஒருநாள் பாரிங்டன் தெருவில் மரக்கறி உணவகம் ஒன்று கண்ணில் பட்டது. இங்கிலாந்தில் அவர் வயிறார உண்ட முதல் உணவு அங்கேதான். அதன் வழியாகவே நண்பர்களும் சங்கமும் வாய்த்தன. லண்டன் மரக்கறியாளர் சங்கத்தின் செயற்குழுவிலும் இடம் பெற்றார். எங்கே, யாரோடு உண்பது என்று தெரிந்தபின்தான் 15 பென்ஸ் வாழ்வு கைகூடியது.

சட்டப்படிப்பின் விருந்துச் செலவையும் விட்டுவிடக் கூடாது. 12 பருவம், பருவத்திற்குக் குறைந்தது ஆறு விருந்து. ஒவ்வொன்றும் இரண்டரை முதல் மூன்றரை ஷில்லிங். குறைந்த விலையில் கூட்டினாலும் 9 பவுண்டு. அதற்கு அவர் உண்டது ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு! ஒரு மேசைக்கு நால்வர், நால்வருக்கு இரண்டு புட்டி மது; குடிக்காத காந்தியைத் தம் மேசைக்கு இழுக்கப் போட்டி நடந்ததாம்.

பணம் போதிய அளவு இருந்தும் இந்த வழி வாய்க்காதவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதற்கு நம் சீனிவாச இராமானுசனின் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு அளித்தது; அதில் 50 குடும்பத்துக்குப் போனது. டிரினிட்டி கல்லூரி 60 பவுண்டு கொடுத்தது. ஆக வாரம் 5 பவுண்டு. போர்க்கால விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும் காந்தியைவிட வசதியான நிலைதான். ஆனால் அவர் கல்லூரி உணவு கொள்ளாமல், ஊரிலிருந்து பார்சலில் பொருள் வரவழைத்து, தம் அறையில் தனியே சமைத்தார். வேலை மும்முரத்தில் நேரம் தவறியும் உண்டார். போர் வந்தபின் காய்கறிக்கும் பாலுக்கும் தட்டுப்பாடு. 1917இல் நோயுற்றார். நோய்க்கு உணவு ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. காசநோய் என்று அன்று சிகிச்சை செய்தார்கள், ஈரலைத் தாக்கிய அமீபா நோய் என்று பிற்காலத்தில் கூறியவர்களும் உண்டு. ஆயினும், வாரம் 5 பவுண்டால் ஒரு பாரிங்டன் தெருவை வாங்க முடியவில்லை.

1919 சனவரியில், பட்னியில் சிகிச்சையில் இருந்தபோது, ஆண்டுக்கு 250 பவுண்டு வீதம் புதிய உதவித்தொகை அளிக்கப்படுவது அறிந்து அவர் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். அத்தொகை தம் தேவைக்கு மிக அதிகம்; பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு கொடுத்து, தம் அவசியச் செலவு போக மிஞ்சுவதை ஏழைச் சிறுவர், அநாதைகள் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிட வேண்டும் என்பது அவர் கேட்டுக்கொண்டது. கும்பகோணம் அரசு கல்லூரியில் தேர்வில் தவறி உதவித்தொகையை இழந்தவர் அவர்.