பந்தியில் பண்பாடு

நுழையுமுன்

விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது உறவினர் இல்லத் திருமணங்களுக்கு அழைக்கப்படுகிறோம். தட்டில் உண்டு பழகிய நம் முன் அங்கே வாழை இலை விரிக்கப்படும். எதை எப்படி உண்பது என்ற தயக்கம் எழுவது இயல்பு. அத்தயக்கத்தைப் போக்க இப்பாடம் துணைசெய்யும்.

பாடம்

பந்தி என்பதற்கு வரிசை என்பது பொருள். பலர் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே நேரத்தில் உண்பதால் விருந்துக்கு அப்பெயர் வந்தது. பந்தியில் எவரும் தனியாக உண்பதில்லை. நம் அருகில் உண்போர் உளர். எதிரே பரிமாறுவோர் உளர். அடுத்த பந்திக்குப் பசியோடு காத்திருப்போரும் உளர். இம்மூவரையும் மனத்திற்கொண்டு உண்பதே பந்தி முறையின் அடிப்படை.

கைகளைக் கழுவிய பின் அமர வேண்டும். இலையின் குறுகிய நுனி நமக்கு இடப்பக்கமாக இருத்தல் முறை. அகன்ற பகுதி வலப்பக்கம் அமைவதால், பிசைந்து உண்ணும் வலக்கைக்குப் போதிய இடம் கிடைக்கும். இலையில் சிறிது நீர் தெளித்துத் துடைத்துக்கொள்ள வேண்டும். இலையின் மேற்பாதியில் உப்பு, ஊறுகாய், பொரியல், கூட்டு முதலியவை வைக்கப்படும். கீழ்ப்பாதி சோற்றுக்கு உரியது. முதலில் பருப்பும் நெய்யும், அடுத்துச் சாம்பார், பின்னர் ரசம், நிறைவாக மோர் என்பது பொதுவான வரிசை. பாயசம் பரிமாறும் நேரம் ஊருக்கு ஊர் வேறுபடும்.

இலையில் இட்ட உணவைத் திரும்ப எடுக்க இயலாது. ஆகவே, வேண்டாததை இடுவதற்கு முன்பே மறுத்துவிட வேண்டும். இலைக்கு மேலே கையைச் சற்று நீட்டி, “போதும், ஐயா” எனப் பணிவாகக் கூறினால் போதும். முகம் சுளித்தல் கூடாது. வேண்டியதைக் கேட்கும்போது, “அண்ணா, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றுங்கள்” எனக் கேட்கலாம். விரலைச் சொடுக்கி அழைப்பது, உழைப்பவரை அவமதிக்கும் செயலாகும். உண்ணும் கை எச்சில் கை. அக்கையால் பொதுக் கரண்டியையோ பிறர் இலையையோ தொடலாகாது.

பெருவாயின் முள்ளியார் இயற்றிய ஆசாரக்கோவை, பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்று. விருந்தினர், முதியோர், குழந்தைகள் ஆகியோர்க்கு மட்டுமன்றிப் பசுவுக்கும் பறவைக்கும் உணவளித்த பின்னரே தாம் உண்ண வேண்டும் என்று அந்நூல் கூறுகிறது. பெரியோருடன் உண்ணும்போது அவர்களுக்கு முன் உண்ணத் தொடங்குதலும், முன்னதாக எழுதலும் தகாது என்றும் அறிவுறுத்துகிறது. இன்றும் பந்தியில் அருகிலுள்ளோர் உண்டு முடிக்கும்வரை காத்திருப்பது நம் வழக்கம். அருகிலிருக்கும் முதியவர் மெல்ல உண்டால், நாம் எழுந்துவிடுவது அவரையும் பாதி உணவில் எழச் செய்துவிடும் அன்றோ?

இப்பண்பு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. தில்லியிலுள்ள பங்களா சாகிப் குருத்துவாராவில் நாள்தோறும் லங்கர் எனும் பொது உணவு வழங்கப்படுகிறது. அங்கே செல்வரும் வறியவரும் தலையை மூடி, தரையில் ஒரே வரிசையில் அமர்வர். ரொட்டியை இரு கைகளையும் ஏந்திப் பெறுவர். அவ்வரிசையைப் பஞ்சாபியர் ‘பங்கத்’ என்பர். பந்தி, பங்கத் ஆகிய இரண்டும் ‘பங்க்தி’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தவை. நாம் வாழும் ஊரின் முறையை மதித்து உண்பவர், சொந்த ஊரின் முறையையும் எளிதில் கற்றுக்கொள்வர்.

உண்டு முடித்ததும் இலையின் மேற்பாதியை நம் பக்கமாக மடித்து வைக்க வேண்டும். பரிமாறியவரிடமும் விருந்தளித்தவரிடமும் நன்றி கூறி விடைபெறுதல் நன்று. மடித்த இலைக்குள் உணவு மீதமில்லாதிருப்பதே சமைத்தவர்க்கு நாம் செலுத்தும் சிறந்த நன்றி.

சொல்லும் பொருளும்

உளர் – இருக்கின்றனர்
தகாது – பொருந்தாது
வறியவர் – ஏழை
முகம் சுளித்தல் – வெறுப்பை முகத்தில் காட்டுதல்

பயிற்சி

1. இலையின் நுனி இடப்பக்கம் இருப்பதன் பயன் யாது?
2. பந்தியில் நாம் நினைவில் கொள்ள வேண்டிய மூவர் யாவர்?
3. பிரித்து எழுதுக: அத்தயக்கம், கீழ்ப்பாதி, இப்பண்பு.
4. நீ உண்டு முடித்துவிட்டாய். அருகிலிருக்கும் பாட்டி இன்னும் உண்கிறார். நண்பர்கள் விளையாட அழைக்கின்றனர். நீ என்ன செய்வாய்? ஐந்து வரிகளில் எழுதுக.
5. செயல்பாடு: நீ வாழும் மாநிலத்தின் விருந்து முறையை உன் வகுப்புத் தோழரிடம் கேட்டறிந்து, தமிழர் பந்தி முறையோடு ஒப்பிட்டு வகுப்பில் பேசுக.