நான்காவது சுற்றுக்கு மிச்சம்

பாளையங்கோட்டை

சிரஞ்சீவி மகளுக்குப் பெரியப்பா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது.

அலுவலகத்துத் தோழிகளோடு நீ காலை ஆறு மணி உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்ததும், மூன்றாவது சுற்றின் நடுவிலேயே கண் இருட்டிக்கொண்டு வந்து சுவரோரமாய் உட்கார்ந்துவிட்டதும், உன் பக்கத்தில் நின்ற நாற்பது வயது தாண்டிய ஓர் அம்மாள் கடைசிவரை சாவதானமாகச் செய்து முடித்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனதும் ஆகிய சங்கதிகளை உன் அப்பன் போனில் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹாரி பக் துரை 1920-இல் தொடங்கிய, நந்தனத்து ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்து, பின்பு ஆயுசில் பெரும்பகுதியைப் பள்ளிக்கூட மைதானங்களில் விசில் ஊதியே கழித்தவன் நான். சுவரோரமாய் உட்கார்ந்த பிள்ளைகளை எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. அவர்களில் பலர் மற்றவர்களைக் காட்டிலும் பலசாலிகளாகவே இருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. ஆகவே, உனக்கு அந்த வகுப்பு ஒத்துவராது, விட்டுவிடலாம் என்று நீ யோசிப்பதாகக் கேள்விப்பட்டதும் இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் வகுப்பின் ஏற்பாட்டை உன் அப்பன் விவரமாகச் சொன்னான். நான்கு சுற்று, சுற்றுக்கு ஐந்து பயிற்சி, ஒவ்வொன்றும் 40 விநாடி, அதன்பின் 20 விநாடி ஓய்வு. முதல் சுற்றில் நீ எல்லோருக்கும் முன்னதாகக் குதித்து, எல்லோருக்கும் அதிகமாக எண்ணிக்கை போட்டாயாம். பயிற்சியாளர் கூட உன் பெயரைச் சொல்லிக் கைதட்டினாராம். அந்தக் கைதட்டல்தான் உன்னைச் சுவரோரம் கொண்டுபோய் உட்கார்த்தியது என்பது என் அபிப்பிராயம்.

நம் நெல்லையப்பர் தேரை நீ சிறுவயதில் பார்த்திருக்கிறாய். ஆனித் திருவிழாவில் நிலையிலிருந்து தேர் அசைகிற அந்த முதல் நிமிஷத்தில், வடத்தைப் பிடித்துத் தொங்கி, கழுத்து நரம்பு புடைக்க இழுக்கிற வாலிபர்களை அடுத்த ரத வீதித் திருப்பத்தில் தேடினால், நீர்மோர்ப் பந்தலில்தான் கண்டுபிடிக்கலாம். தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறவர்கள், ஆரம்பத்தில் யார் கண்ணிலும் படாமல், அடிமேல் அடி வைத்து, மூச்சோடு சேர்த்து இழுத்துக்கொண்டே வருகிற ஆசாமிகள்.

ஆரம்பம் ஏன் இப்படி நம்மை ஏமாற்றுகிறது என்பதற்குச் சரீர சாஸ்திரத்தில் காரணம் இருக்கிறது. தசைக்குள் உடனடிச் செலவுக்கென்று இருக்கும் பாஸ்பேட் சேமிப்பு, முழு வேகத்தில் பிரயோகித்தால் பத்து விநாடி அளவுக்குத்தான் காணும். அதற்கு மேல், பிராணவாயுவின் துணையில்லாமலே சர்க்கரையை உடைத்துச் சக்தியெடுக்கும் மார்க்கம் ஒன்று ஓரிரு நிமிஷம் கைகொடுக்கும். நெடுநேரத்துக்கு நம்மைத் தாங்குவதோ இருதயமும் நுரையீரலும் சேர்ந்து பிராணவாயுவைத் தசைகளுக்குக் கொண்டுசேர்க்கும் மூன்றாவது ஏற்பாடு. அது சாவகாசமாய்த்தான் விழித்தெழும், வேலைக்குத் தக்கபடி சூடுபிடிக்க இரண்டு மூன்று நிமிஷம் கேட்கும். ஆகவே முதல் நிமிஷத்தில் உனக்குத் தோன்றுகிற லாகவம் முழுவதும் கடன் வாங்கிய லாகவம். அதை உன் சொந்த பலம் என்று நம்பி வேகத்தை ஏற்றிவிட்டாயானால், மூன்றாவது ஏற்பாடு எழுந்து வருவதற்குள் முதல் இரண்டையும் காலிசெய்துவிட்டு நிற்பாய். 20 விநாடி ஓய்வு அந்த நஷ்டத்தை ஈடுகட்டுமா என்றால், கட்டாது. கரைந்த பாஸ்பேட்டில் பாதி திரும்பவே அரை நிமிஷம் போல வேண்டும். முழுவதும் நிரம்பச் சில நிமிஷங்கள் ஆகும். முதல் சுற்றில் மிஞ்சிச் செலவழித்தது கடைசிச் சுற்று வரையில் பற்றாகவே நிற்கும்.

இனி, நீ செய்யவேண்டியது. பர்ப்பியையே எடுத்துக்கொள்வோம், எங்கள் காலத்துத் தண்டாலையும் பஸ்கியையும் ஒன்றாய் முடிச்சுப் போட்டு, மேலே ஒரு குதியும் சேர்த்தாற்போன்ற அந்த அப்யாசத்தைக் கண்டு உங்கள் வகுப்பில் பாதிப்பேர் நடுங்குவதாகக் கேள்வி. (1930-களில் அமெரிக்காவில் பர்ப்பி என்ற உடலியல் அறிஞர், ஒருவருடைய திடத்தைச் சோதிப்பதற்கென்று இதன் எளிய மூல வடிவத்தை ஏற்படுத்தியபோது, நான்கே தடவை செய்யச்சொல்லி முன்னும் பின்னும் நாடியை எண்ணிப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார். அதை நாற்பதும் ஐம்பதுமாகப் போடச்சொல்கிற வழக்கத்தைக் கண்டிருந்தால் மனுஷர் என்ன சொல்லியிருப்பாரோ!) 40 விநாடியில், முழு மூச்சாய்ச் செய்தால், உன்னால் 12 போட முடியும் என்று வைத்துக்கொள். முதல் சுற்றில் நீ போடவேண்டியது 8. பக்கத்தில் இருப்பவள் பதினொன்றாவதில் இருந்தாலும், பயிற்சியாளர் உன்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாலும், 8. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அதே 8. நான்காவது சுற்றில் கையில் மிச்சமிருந்தால் 9, 10 என்று ஏற்றிக்கொள். அப்போது உன்னை யாரும் தடுக்கப்போவதில்லை. எட்டையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டுப் பாக்கி நேரத்துக்கு முழங்காலில் கைவைத்துக் குனிந்து நிற்பதும் கூடாது; ஐந்து விநாடிக்கு ஒன்றாக, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, சமமாய்ப் பங்கிடவேண்டும். காலைப் பின்னால் துள்ளி எறிவதற்குப் பதில் ஒவ்வொரு காலாய் எட்டி வைத்துப் படுப்பதும், எழும்போது குதிக்காமல் நிமிர்ந்து நிற்பதும் குறைவான காரியமென்று நினைக்காதே. உன் பக்கத்து அம்மாளை நான் பார்த்ததில்லை. ஆனாலும், அவள் முதல் சுற்றிலிருந்தே அப்படித்தான் செய்திருப்பாள், சுவர்க்கண்ணாடியை ஒருதரம்கூடத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டாள் என்று பந்தயம் கட்டுவேன்.

எண்ணிக்கைக்கு வராத பயிற்சிகளும் உண்டல்லவா, அவற்றுக்கு வேறு அளவுகோல் வேண்டும். ஸ்வீடன் தேசத்து மனோதத்துவ அறிஞர் குன்னர் போர்க் என்பவர், பிரயாசையை அவரவர் உணர்வைக்கொண்டே அளப்பதற்கு 6 முதல் 20 வரையில் ஒரு படிவரிசை வகுத்தார். சும்மா இருக்கையில் ஆரோக்கியமான வாலிபருக்கு நாடி நிமிஷத்துக்கு 60 போலவும், உச்சத்தில் 200 போலவும் அடிப்பதால், படியைப் பத்தால் பெருக்கினால் இருதயத் துடிப்பு உத்தேசமாய் வரட்டும் என்பது அவர் எண்ணம். அதில் 13 என்பது சற்றே கடினம், 15 கடினம், 17 மிகக் கடினம். முதல் சுற்றை 13-இல் வை. நடுச்சுற்றுகள் 15-க்கு மேல் போகவேண்டாம். 17-ஐக் கடைசிக்கென்று ஒதுக்கிவை. இந்த எண்களெல்லாம் மறந்துபோனால், பக்கத்திலிருப்பவளிடம் ஒரு முழு வாக்கியம் பேசிப் பார். முதல் சுற்றில் பேச முடியவேண்டும். மூன்றாவதில் இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கலாம். ஒற்றை வார்த்தையும் வராத நிலை கடைசி நிமிஷத்துக்குரியது. கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தை அதிகம் நம்பாதே. 220-இலிருந்து வயதைக் கழித்து, 26 வயதுக்காரிக்கு 194 என்று அது வைத்துக்கொள்ளும் உச்ச வரம்பு, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலும் கீழும் சகஜமாய் வேறுபடும்.

வெள்ளிக்கிழமைகளில் டபாட்டா என்று ஒன்று நடக்கிறதாமே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானில் பனிக்கட்டிமேல் சறுக்கி ஓடும் வேகப்பந்தய வீரர்களுக்கு அவர்களுடைய பயிற்சியாளர் இரிஸாவா கொடுத்துவந்த ஓர் அப்யாச முறையை, இஸுமி டபாட்டா என்ற விஞ்ஞானி சோதித்து 1996-இல் வெளியிட்டார். 20 விநாடி உக்கிரம், 10 விநாடி ஓய்வு; ஏழெட்டுத் தடவை; மொத்தம் நாலு நிமிஷத்துக்குள் சமாப்தி. அதற்குமேல் சோதனைச் சைக்கிளை அதே வேகத்தில் மிதிக்க, சோதனைக்கு வந்த கட்டுமஸ்தான வாலிபர்களாலேயே முடியவில்லை. முடியாமற்போகும்படியாகத்தான் அதன் கடுமையை நிர்ணயித்திருந்தார்கள். அப்படியிருக்க, அதே பெயரில் ஐந்து டபாட்டாவை ஒன்றன்பின் ஒன்றாய் இருபது நிமிஷம் செய்யச்சொன்னால், அவை ஒவ்வொன்றையும் உயிரைக் கொடுத்துச் செய்வது சாத்தியமில்லை என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கும். ஆகவே பயிற்சியாளர் "முழு வேகம்!" என்று கூவுகையில், அந்த வார்த்தையை உத்ஸாகத்துக்காகச் சொன்னதென்று எடுத்துக்கொண்டு, உன் எண்ணிக்கையிலேயே நில். அவர்மேல் குறை சொல்வதற்கில்லை; இருபது பேரை ஒரே சமயத்தில் தட்டியெழுப்ப வேண்டியவர் உரக்கத்தான் கூவியாகவேண்டும். நானும் அப்படிக் கூவியவன்தான். எல்லோருக்கும் பொதுவாகக் கூவினோமே தவிர, எவனுடைய மூச்சு எந்த இடத்தில் முட்டுகிறது என்பது அவனவனுக்குத்தான் தெரியும்.

சுவாசத்தை அடக்காதே. பிளாங்கில் நிற்கும்போதும், டம்பெல்லைத் தூக்கும்போதும் பற்களைக் கடித்து மூச்சைப் பிடித்துக்கொள்கிற வழக்கம் அநேகருக்கு உண்டு. அது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிட்டுப் பின்பு தலையைச் சுற்றவைக்கும். சிரமமான பாகத்தில் மூச்சு வெளியே போகட்டும், சுலபமான பாகத்தில் உள்ளே வரட்டும். ஓய்வு விநாடிகளில் சட்டென்று அசைவை நிறுத்திவிடாமல் மெல்ல நட. அசைவு நின்ற மாத்திரத்தில் காலுக்குப் போன இரத்தம் அங்கேயே தேங்கிக் கண் இருட்டும். உனக்கு அன்றைக்கு நேர்ந்ததில், வேகத்தோடு இதுவும் சேர்ந்திருக்கலாம். வெறும் காப்பியைக் குடித்துவிட்டுப் போன வயிற்றுக்கும் அதில் பங்குண்டு. அரை மணிக்கு முன்னால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போ.

சென்னைப் பட்டணத்தின் புழுக்கத்தையும் மறந்துவிடாதே. வியர்வை வழிவதால் உடம்பு குளிர்ந்துவிடாது, அது ஆவியானால்தான் குளிரும். கடற்காற்றின் ஈரத்தில் ஆவியாவது மந்தப்படுவதால், ஊட்டியில் 13 ஆக இருக்கும் வேலை பெசன்ட் நகரில் சர்வ சாதாரணமாய் 15 ஆகிவிடும். சித்திரை வைகாசியில் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதில் அவமானம் ஒன்றுமில்லை. தண்ணீரை ஓய்வுக்கு ஓய்வு இரண்டு வாய் குடி, ஒரேயடியாய்க் கவிழ்த்துக்கொள்ளாதே.

வெயிலை அலட்சியம் செய்து ஓடியவர் கதை ஒன்று எங்கள் வகுப்பில் சொல்வார்கள். ஜிம் பீட்டர்ஸ் என்ற ஆங்கிலேயர், மாரத்தான் ஓட்டத்தில் உலகத்திலேயே அதிவேகமென்று சொல்லத்தக்க கணக்கை நான்கு முறை திருத்தி எழுதியவர். 1954 ஆகஸ்டில், கனடாவின் வான்கூவர் நகரத்தில் நடந்த காமன்வெல்த் பந்தயத்தில், கொளுத்துகிற வெயிலிலும் தம் வேகத்தைத் தணிக்காமல் ஓடி, அடுத்தவருக்குச் சுமார் 17 நிமிஷம் முந்தியவராக அரங்கத்துக்குள் நுழைந்தார். அந்த 17 நிமிஷத்தில் அவர் நடந்தே போயிருக்கலாம். ஆனால் நடக்கவும் சரீரத்தில் ஒன்றும் மிச்சமில்லை. விழுந்தார், எழுந்தார், தள்ளாடினார், மறுபடி விழுந்தார். ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் சுமார் 200 கஜ தூரத்துக்குப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. முடிவுக் கோட்டைத் தொடவேயில்லை. பின்னால் நிதானமாய் வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜோ மக்கீ முதற் பரிசைப் பெற்றார். பீட்டர்ஸ் அதற்குப் பிறகு பந்தயம் ஓடவில்லை. தம் காலத்தில் ஈடிணையற்ற ஓட்டக்காரருக்கு இந்தக் கதி என்றால், மற்றவர்கள் தங்கள் அளவை முன்னதாகவே பார்த்துக்கொள்ளவேண்டாமா?

எண்ணிக்கைக்கும் நிதானத்துக்கும் அப்பாற்பட்ட சில குறிகளும் உண்டு. அவை தோன்றினால் யோசனையே வேண்டாம், நிறுத்திவிடு. மார்பில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, உட்கார்ந்த பின்பும் தெளியாத மயக்கம் ஆகியவை டாக்டரிடம் போகவேண்டியவை. மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை வலிப்பது சகஜம். புதிதாய்ச் செய்கிறவர்களுக்கு 24 மணியிலிருந்து 72 மணிக்குள் அந்த வலி உச்சத்துக்கு வந்து தானே வடியும். ஆனால், தசை வீங்கி, சிறுநீர் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் போகுமானால், தசை இழைகள் சிதைந்து அது சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்கிறதென்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. உன்னைப்போல் முதல் வகுப்பிலேயே சூரத்தனம் காட்டுகிறவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் வருகிறது.

வருகிற வாரம் வகுப்புக்குப் போய், சுற்றுக்குச் சுற்று எத்தனை பர்ப்பி போட்டாய் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து எனக்கு எழுது. 8, 8, 8, 9 என்று வந்திருந்தால், அடுத்த மாதம் 9-இல் ஆரம்பிக்கலாம். 12, 9, 5, 2 என்று வந்திருந்தால், இந்தக் கடிதத்தையே இன்னொரு பிரதி எடுத்து அனுப்புகிறேன்.

இங்ஙனம்,
உன் பெரியப்பா