முதுகெலும்பை அரிக்கும் கிருமிகளும் மருந்துத் தேர்வும்

மனிதன் நிமிர்ந்து நடக்க இறைவன் அளித்த தூண் முதுகெலும்பு. பிறக்கும்போது 33 எலும்புகளைக் கொண்ட இத்தூணில் கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 எலும்புகள் தனித்தனியே அசைகின்றன. கீழே உள்ளவை நாம் வளர வளர ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எலும்புகளுக்கிடையே வட்டத் தட்டுகள் மெத்தைபோல் அமைந்துள்ளன. பின்புறக் குழாயினுள் தண்டுவடம் ஓடுகிறது. இவ்வளவும் உயிரியல் பாடத்தில் நாம் படித்தவையே. இத்தூணைக் கறையான்போல் உள்ளிருந்தே அரிக்கும் கிருமிகள் சில உண்டு. அவை எவை? அவற்றை எதிர்க்கும் மருந்தை மருத்துவர் எவ்வாறு தேர்ந்தெடுக்கிறார்? இவற்றையே இங்குக் காண்போம்.

முதுகில் காயமே இல்லாதபோது கிருமி எப்படி எலும்பினுள் நுழைகிறது? பெரும்பாலும் இரத்தத்தின் வழியாகத்தான். தோலில் வந்த ஒரு கட்டி, சிறுநீர்ப் பாதையில் ஏற்பட்ட தொற்று, நுரையீரலில் பதுங்கிய நோய் ஆகிய ஏதேனும் ஒன்றிலிருந்து புறப்பட்ட கிருமி முதுகெலும்பின் ஓரத்தில் தங்குகிறது. வளர்ந்தவர்களின் வட்டத் தட்டுக்கு நேரடியான இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே கிருமி முதலில் எலும்பைப் பிடித்து, பின்பு தட்டைத் தின்று, அடுத்த எலும்புக்குத் தாவுகிறது. இரண்டு எலும்புகளும் நடுவிலுள்ள தட்டும் சேர்ந்து கெடுவது இந்நோயின் அடையாளம். நீரிழிவு நோயாளிகளும் முதியோரும் இதற்கு எளிதில் இலக்காகின்றனர்.

இந்நோயின் பெருந்தீமை அதன் அமைதியான தொடக்கமே எனலாம். முதலில் முதுகுவலி மட்டுமே தோன்றும். பலருக்குக் காய்ச்சல்கூட இருப்பதில்லை. நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்து வேலை செய்யும் நம் தாய்மாருக்கு முதுகுவலி வந்தால் யார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்? தைலம் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து, மாதங்களைக் கடத்திவிடுவோம். ஆனால் சாதாரண வலி படுத்தால் தணியும். கிருமியால் வரும் வலியோ படுத்தாலும் தணியாது, இரவிலும் உறங்கவிடாது, வாரத்துக்கு வாரம் கூடும். அத்துடன் உடல் மெலிவும் மாலைக் காய்ச்சலும் சேர்ந்தால் மருத்துவரிடம் செல்லவேண்டும். கால் மரத்துப் போனாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அன்றைய தினமே செல்லவேண்டும். தண்டுவடம் நசுங்கத் தொடங்கியதன் அறிகுறிகள் அவை.

சீழ் உண்டாக்கும் கிருமிகளுள் முதன்மையானது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880-களில் இதற்கு ஸ்டஃபைலோகாக்கஸ் என்னும் பெயரைச் சூட்டினார். உருப்பெருக்கியின் கீழ் திராட்சைக் குலைபோல் தோன்றுவதால் கிரேக்கச் சொல்லொன்றிலிருந்து இப்பெயர் வந்தது. ஆரியஸ் என்பது அதன் பொன்னிறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும் இது தீங்கின்றி வாழ்கிறது என்றால் வியப்பாக இல்லையா? சிறுநீர்ப் பாதையிலிருந்து வரும் ஈ. கோலையும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்களும் இதற்கு அடுத்தவை.

காய்ச்சாத பாலில் வரும் புரூசெல்லா என்னும் கிருமியையும் மறக்கலாகாது. மால்டாத் தீவில் ஆங்கிலேயப் படைவீரர்களை வாட்டிய காய்ச்சலின் கிருமியை டேவிட் புரூஸ் 1887-இல் கண்டறிந்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது பல ஆண்டுகள் புதிராகவே இருந்தது. நோயற்றவைபோல் தோன்றிய ஆடுகளின் பாலே காரணம் என்று அத்தீவின் மருத்துவர் தெமிஸ்டோக்ளீஸ் சாமிட் 1905-இல் காட்டினார். இக்கிருமி இடுப்புப் பகுதி எலும்புகளை விரும்பித் தாக்கும். ஆடு மாடு வளர்க்கும் வீடுகளில் பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடித்தால் அது அழிந்துவிடும்.

இனி, நம் நாட்டில் மிக முக்கியமான காசநோய்க் கிருமிக்கு வருவோம். எகிப்தில் ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆமோன் தெய்வத்தின் பூசாரி ஒருவரின் பதப்படுத்தப்பட்ட உடலை 1910-இல் ஆராய்ந்தபோது, கூன் விழுந்த முதுகெலும்பும் அதையொட்டிய சீழ்க்கட்டியின் தடமும் காணப்பட்டன. இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779-இல் இந்நோயை விவரித்தமையால் இது பாட் நோய் எனப்படுகிறது. ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் இதனால் கூனுற்று, நாலரை அடி உயரமே வளர்ந்தார். (இவர் திருக்குறளை மொழிபெயர்த்த போப் ஐயர் அல்லர்!) லூர்து நகரின் புனித பெர்னதெத்தம்மாளுக்கு வலது முழங்கால் எலும்பில் வந்ததும் காசநோயே. அவர் 1879-இல் இறந்தார். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1882 மார்ச் 24 அன்று, ராபர்ட் காக் பெர்லினில் அக்கிருமியை உலகுக்குக் காட்டினார்.

காசநோய்க் கிருமி மெல்ல வேலை செய்வது. சீழ்க் கிருமிகள் சில வாரங்களில் வட்டத் தட்டை அழித்துவிடும். இதுவோ தட்டை நெடுநாள் விட்டுவைத்து எலும்பின் முன்புறத்தை அரிக்கும். முன்புறம் நொறுங்கினால் முதுகு முன்னோக்கி மடிகிறது. அதுவே கூன். படத்தைப் பார்த்து இவ்வேறுபாட்டை மருத்துவர் ஊகிப்பார். ஆனால் ஊகம் வேறு, உறுதி வேறு.

மருந்துத் தேர்வின் முதல் விதி கிருமியைப் பிடித்த பின்பே மருந்தைத் தொடங்குவது. இரத்தத்தை எடுத்து வளர்ப்பு ஊடகத்தில் இட்டுப் பார்ப்பர். எம்.ஆர்.ஐ. படம் எடுப்பர். தேவையானால் ஊசி செலுத்திக் கெட்ட எலும்பிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, சீழ்க் கிருமிக்கும் காசநோய்க்கும் தனித்தனியே சோதிப்பர். நோயாளி கவலைக்கிடமாக இருந்தாலோ, கால்கள் வலுவிழந்தாலோ மட்டும் முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்குவதுண்டு. மருந்துக்கடையில் நாமே மாத்திரை வாங்கி விழுங்குவது ஏன் கேடு என்பது இங்கே விளங்கும். நாலைந்து நாள் மாத்திரை கிருமியைக் கொல்லாது. சோதனையில் அகப்படாமல் ஒளித்துவைக்கும். லீவோஃப்ளாக்சசின் போன்றவை காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்குவதால், வலி குறைந்ததுபோல் போக்குக் காட்டி நோயை மறைத்துவிடும்.

கிருமி தெரிந்த பின் எந்த மருந்து? பெனிசிலின் 1940-களில் பயனுக்கு வந்தபோது ஸ்டஃபைலோகாக்கஸ் அதற்கு அடங்கியது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் பெனிசிலினைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும் வகைகள் பெருகின. அந்நொதிக்கு அசையாத மெதிசிலின் வந்தது. 1961-இல் அதையும் எதிர்க்கும் கிருமி இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்டது. ஆகையால் ஆய்வகம் கிருமியின் பெயரோடு, எம்மருந்துக்கு அது பணியும் என்றும் சொல்லவேண்டும். சாதாரண ஸ்டஃபைலோகாக்கஸுக்கு கிளாக்சசிலின் வகையோ செஃபசோலினோ போதும். மெதிசிலினை எதிர்ப்பதற்கு வாங்கோமைசின் தேவை. போர்னியோத் தீவில் பணியாற்றிய மிஷனரி ஒருவர் அனுப்பிய மண்ணிலிருந்து இம்மருந்து பிறந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. புரூசெல்லாவுக்கு டாக்சிசைக்ளினோடு இன்னொரு மருந்தும் சேர்த்து, குறைந்தது மூன்று மாதம் தரவேண்டும்.

மருந்து கிருமியைக் கொல்வதாக இருந்தால் மட்டும் போதாது, எலும்பினுள்ளும் செல்லவேண்டும். செத்த எலும்புக்கு இரத்தம் செல்வதில்லை. இரத்தம் செல்லாத இடத்துக்கு மருந்தும் செல்வதில்லை. தொண்டை வலிபோல் சில நாட்களில் முடியாமைக்கு இதுவே காரணம். பிரான்சில் 350-க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. 6 வாரம் மருந்து பெற்றோரும் 12 வாரம் பெற்றோரும் ஒரே அளவில், பத்தில் ஒன்பது பேர் குணமடைந்தனர். எனவே சீழ்க் கிருமிக்கு 6 வாரம் என்பது பொது வழக்கு. வடிக்கப்படாத சீழ்க்கட்டி இருந்தால் நாள் கூடும்.

காசநோய்க்கு ஒரு மருந்து ஒருபோதும் போதாது. கோடிக்கணக்கான கிருமிகளில் எந்த ஒரு மருந்துக்கும் இயல்பாகவே பணியாத சில இருக்கும். ஒன்றைமட்டும் கொடுத்தால் மற்றவை மடிய, அவை பெருகும். ஆகவே ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால் என்று நான்கும் இரண்டு மாதம் சேர்த்துத் தரப்படுகின்றன; பின்பு பைரசினமைடை நிறுத்தி மற்ற மூன்றும் தொடரும். முதுகெலும்புக் காசநோய்க்கு நம் நாட்டில் மொத்தம் 12 மாதம் என்பது வழிகாட்டுதல். தேவையானால் மருத்துவர் நீட்டிப்பார். அரசு மருத்துவமனைகளில் இவை இலவசம்.

முற்காலத்தில் இந்நோயாளிகள் மாவுக்கட்டுப் படுக்கையில் ஆண்டுக்கணக்கில் அசையாது கிடந்தனர். அது வேண்டியதில்லை என்று காட்டிய ஆய்வுகளில் நம் சென்னைக்கும் பங்குண்டு. 1956-இல் தொடங்கிய சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையம், நுரையீரல் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்று 1959-இல் நிறுவியது. பின்பு அது முதுகெலும்பு நோயாளிகளையும் ஆராய்ந்தது. நடமாடியபடி ஐசோநியாசிடும் ரிஃபாம்பிசினும் உண்டவர்கள், பெரிய அறுவைச் சிகிச்சை பெற்றவர்களைவிடப் பின்தங்கவில்லை என்பதை 1999-இல் வெளியான அதன் பத்தாண்டு முடிவு காட்டியது. தண்டுவடம் நசுங்குவோருக்கும், கூன் மிகுவோருக்கும் அறுவை இன்றும் தேவைப்படுகிறது.

மாத்திரைகளை இடையில் விடுவோர் ஏராளம். இரண்டாம் மாதத்தில் வலி போய்விடும், எடை கூடும். இனி எதற்கு என்று தோன்றும். ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாவதைக் கண்டு இரத்தமென அஞ்சி நிறுத்துவோரும் உண்டு. அது மருந்தின் நிறமே. மாறாகக் கண் மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ, கண் மஞ்சளித்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

பெண்பிள்ளைக்கு இந்நோய் என்றால் திருமணம் தடைப்படுமென்று மறைக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. மறைத்தால் மாத்திரை ஒளிந்து ஒளிந்து உண்ணப்பட்டு, பாதியில் நிற்கும்; எஞ்சுவது கூன் மட்டுமே. நுரையீரலில் நோய் இல்லாமல் முதுகெலும்பில் மட்டும் இருப்பவரின் இருமலாலோ, அவர் உண்ட தட்டாலோ பிறருக்கு இது தொற்றுவதில்லை. மருத்துவர் நடமாட அனுமதித்த பின் அப்பெண் வகுப்பில் நம் அருகிலேயே அமர்ந்து படிக்கலாம்.