உப்பளத்து உப்பும் பவளத் தொட்டியும்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

வீட்டில் பவளத் தொட்டி அமைக்க முற்படுவோரிடம் காணப்படும் நம்பிக்கைகளுள் மிகப் பரவலானது, நன்னீரில் கல்லுப்பைக் கரைத்தால் கடல்நீர் கிடைத்துவிடும் என்பதாகும். ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்று பாடநூல்கள் கூறுவதாலும், தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் விளையும் உப்பு கடல்நீரையோ கடலோர நிலத்தடி உவர்நீரையோ காயவைத்தே எடுக்கப்படுவதாலும், கடலிலிருந்து பிரிந்த உப்பு நீரில் சேர்ந்ததும் மீண்டும் கடலாகிவிடும் என்று கருதுவது இயல்பே. ஆயினும் உப்பளத்தில் நீர் வற்றுவதோடு, உப்புகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து படிதலும் நிகழ்கிறது. பாத்திக்குப் பாத்தி பாய்ந்து நீர் செறிவடையும்போது முதலில் கால்சியம் கார்பனேட்டும் அடுத்து ஜிப்சமும் படிகின்றன. அதன் பிறகே சோடியம் குளோரைடு படிகமாகிறது. மக்னீசிய உப்புகள் படிவதற்கு முன்பே எஞ்சிய கசப்புநீர் வெளியேற்றப்படுகிறது, ஏனெனில் மக்னீசியம் மிகுந்த உப்பு கசப்பதோடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசிந்தும் விடும். தொழிலறிந்தோர் எடுக்கும் நல்லுப்பு ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைடாக இருப்பதும், பவளத்துக்கு இன்றியமையாத கால்சியமும் மக்னீசியமும் பைகார்பனேட்டும் பாத்தியின் அடியிலும் கசப்புநீரிலும் நின்றுவிடுவதும் இதனாலேயே.

1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த சேலஞ்சர் என்னும் ஆய்வுக்கப்பல் கொணர்ந்த நீர்மாதிரிகளுள் 77ஐப் பகுத்தாய்ந்த வேதியியலறிஞர் வில்லியம் டிட்மர், கடல்நீரின் உப்பளவு இடத்துக்கு இடம் மாறினாலும் அதிலுள்ள முதன்மை உப்புகளின் விகிதம் ஏறத்தாழ மாறுவதில்லை என்று 1884இல் நிறுவினார். கரைந்துள்ள உப்புகளில் குளோரைடு ஏறத்தாழ 55 விழுக்காடு, சோடியம் 30 விழுக்காட்டுக்குச் சற்று மேல். எஞ்சியதைச் சல்பேட்டும் மக்னீசியமும் கால்சியமும் பொட்டாசியமும் பங்கிட்டுக்கொள்கின்றன. பவள உயிர்கள் வாழ்வது இந்த மாறாமைக்குள்ளேதான். தொட்டிக்கென்று விற்கப்படும் கலவை உப்பு இவ்விகிதத்தை நெருங்கவே முயல்கிறது. அதன் விலையைக் கண்டு அதை வணிகத் தந்திரம் என்று ஒதுக்குவது பவளத்தின் உயிரை விலையாகக் கொடுப்பதில் முடியும். இம்முயற்சி புதியதும் அன்று: கடற்கரையிலிருந்து தொலைவில் வாழ்வோருக்காகச் செயற்கைக் கடல்நீரை உருவாக்கும் முறையை ஆங்கிலேய இயற்கையறிஞர் பிலிப் ஹென்றி காஸ் 1854இலேயே வெளியிட்டிருந்தார். கலவை உப்பைக் கரைக்கும் நீரும் தூயதாக இருத்தல் வேண்டும். குழாய்நீரில் குளோரினும், ஆழ்துளைக் கிணற்று நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும், பழைய குழாய்கள் வழியே முதுகெலும்பற்ற உயிர்களுக்கு நஞ்சாகும் செம்பும் வரக்கூடும் என்பதால், சவ்வின் வழியே வடிகட்டிய ஆர்.ஓ. நீரே பயன்படுத்தப்படுகிறது.

நீர் வற்றினால் உப்புநீரைக் கொண்டே நிரப்ப வேண்டும் என்பது இதனோடு தொடர்புடைய மற்றொரு பிழை. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 200 லிட்டர் தொட்டியில் ஏறத்தாழ 7 கிலோகிராம் உப்பு இருக்கும். 10 லிட்டர் வற்றும்போதெல்லாம் உப்புநீரை ஊற்றினால் ஒவ்வொரு முறையும் 350 கிராம் உப்பு கூடும். நான்கே முறையில் லிட்டருக்கு 35 கிராமாக இருந்த அளவு 42ஐ எட்டிவிடும். வற்றியதை நன்னீரால் நிரப்புவதும், அழுக்கு நீரை அகற்றி மாற்றும்போது மட்டும் உப்புநீரைச் சேர்ப்பதுமே முறை.

நீர் தெளிந்தவுடன் தொட்டி உயிர்களை ஏற்க அணியமாகிவிட்டது என்ற நம்பிக்கையால் எண்ணற்ற மீன்கள் மாண்டிருக்கின்றன. மீன் வெளியேற்றும் கழிவும் உண்ணாமல் மிஞ்சிய இரையும் அம்மோனியாவாகின்றன. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். கடல்நீரின் பி.எச். மதிப்பு 8.1 முதல் 8.3 வரை இருப்பதால், நடுநிலை நன்னீரில் பெரும்பாலும் தீங்கற்ற அம்மோனியமாக நிற்கும் பொருளின் ஒரு பகுதி இங்கே நச்சு வடிவத்துக்கு மாறுகிறது, பி.எச். ஓர் அலகு உயர்ந்தால் நச்சுப் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். இதற்கு மாறாக, நன்னீர் மீன் வளர்ப்போர் அஞ்சும் நைட்ரைட்டு கடல்நீரில் அத்தகைய கொடுமை செய்வதில்லை, ஏனெனில் அது மீனின் செவுளுக்குள் நுழையும் வழியைக் குளோரைடு பெருமளவில் அடைத்துக்கொள்கிறது. பழைய தொட்டியின் நீரை ஊற்றினால் புதிய தொட்டி விரைவில் பக்குவப்படும் என்பதும் சரியன்று. இந்நுண்ணுயிர்கள் பாறை, மணல், வடிகட்டி ஆகியவற்றின் பரப்பில் ஒட்டி வாழ்பவை, நீரில் மிதப்பவை மிகச் சிலவே. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், 1960களின் தொடக்கத்தில், உயிர்கள் குடியேறிய கடற்பாறைகளையும் காற்றுக் குமிழ்களையும் ஒளியையும் மட்டுமே கொண்டு பவளங்களை வளர்த்துக் காட்டியபோது, அவருக்குத் துணைநின்றது அப்பாறைகளின் நுண்துளைகளில் வாழ்ந்த இக்கூட்டமே ஆகும்.

பவள மணலைத் தரையில் பரப்பினால் அது கரைந்து கால்சியத்தைத் தானே ஈடுசெய்யும் என்ற கூற்று, கேட்பதற்கு ஏற்புடையதாகத் தோன்றுவதால் அனுபவமுள்ளோரையும் ஏமாற்றுகிறது. அம்மணல் அரகோனைட் என்னும் கால்சியம் கார்பனேட் வகை, பி.எச். 8க்கு மேலுள்ள கடல்நீர் அரகோனைட்டால் ஏற்கெனவே மிகைச்செறிவுற்றிருப்பதால், மணல் அதில் கரைவதற்கு வழியே இல்லை. பவளமோ இரவு பகலாகத் தன் எலும்புக்கூட்டைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. அக்கட்டுமானத்துக்குக் கால்சியத்தோடு காரத்தன்மையும் செலவாகிறது. காரத்தன்மை என்பது அமிலத்தை ஏற்றுச் சமன்செய்யும் நீரின் திறன், கடல்நீரில் அது பெரும்பாலும் பைகார்பனேட்டால் அமைகிறது, தொட்டி வளர்ப்போர் அதை டி.கே.எச். என்னும் அலகால் அளக்கின்றனர். லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் செலவாகும்போது 2.8 டி.கே.எச். காரத்தன்மையும் உடன் செலவாகும். 420 மில்லிகிராமில் 20 குறைவது 5 விழுக்காடே, 8 டி.கே.எச்.சில் 2.8 குறைவதோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கால்சியம் நிறைவாக உள்ளது என்று சோதனைக் கருவி காட்டும் அதே வாரத்தில் பவளம் வெளிறி, தசை சுருங்கி நிற்பதன் காரணம் பல வேளைகளில் இதுவே. ஒரே ஒரு சோதனைக்கு மட்டும் நேரமிருக்குமானால் அளக்க வேண்டியது காரத்தன்மையையே. இழப்பை ஈடுசெய்யும் வழிகளுள் எளிமையானது, ஜெர்மானிய வளர்ப்பாளர்கள் கால்க்வாசர் என்று வழங்கிய தூய சுண்ணாம்புத் தெளிநீர்; அதன் பி.எச். 12க்கும் மேல் என்பதால் துளித்துளியாகவே, பி.எச். இயல்பாகத் தாழும் இரவுப் பொழுதிலேயே சேர்க்கப்படுகிறது.

பவளம் செடியன்று, கல்லும் அன்று. திசுவுக்குள் ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்பாசிகளைக் குடிவைத்திருக்கும் விலங்கு. ஆகவே விளக்கு மட்டும் போதும் என்பதும் இரை மட்டும் போதும் என்பதும் ஒருங்கே பிழையாகின்றன. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியமாக இருப்பதே தூய்மை என்று எண்ணி அவற்றை முற்றிலும் அகற்றினால் அந்நுண்பாசிகள் பட்டினி கிடக்கும்; மிகச் சிறிதளவேனும் இருப்பதே நலம். வெப்பம் மிகும்போது இவ்வுறவு முறிந்து பாசிகள் வெளியேற, பவளம் வெளுத்துப்போகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தது இதுவே. 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை நிற்க வேண்டிய நீர், சித்திரை வைகாசியில் மூடிய அறையில் 32ஐத் தாண்டிவிடும் ஊர்களில், குளிர்விப்பானை ஆடம்பரமாகக் கருத இயலாது. நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறி வைத்தால் போதும் என்பது உலர்ந்த உள்நாட்டில் ஓரளவு பலிக்கும். ஈரக்காற்று நிறைந்த கடற்கரை நகரங்களில் ஆவியாதல் மந்தமாவதால் அதன் பயனும் குறுகும். 27 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்க, கடல்நீர் ஆறரை மில்லிகிராமே தாங்குவதால், மின்தடையின்போது முதலில் காக்கப்பட வேண்டியது விளக்கன்று, நீரை அசைக்கும் பம்பு. சிறிய தொட்டி தொடக்கநிலையாளருக்கு எளிது என்ற எண்ணமும் இங்கேயே வீழ்கிறது, ஏனெனில் நீரின் அளவு குறையக் குறைய வெப்பமும் உப்பும் விரைந்து மாறும்.

கரையில் ஒதுங்கிய பவளத்துண்டையோ மீனவர் வலையில் சிக்கியதையோ எடுத்து வளர்ப்பதில் தவறில்லை என்ற நம்பிக்கை, மற்ற அனைத்தையும்விடக் கடுமையாக மறுக்கப்பட வேண்டியது. பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டிச் சூளையிட்டுச் சுண்ணாம்பாக்கிய மன்னார் வளைகுடாவில், 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது; அத்தீவுகளுள் இரண்டு இன்று கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன. கல்பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல்விசிறி, கடற்குதிரை ஆகியவையும் 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உரிய அதே இடத்தில், சேர்க்கப்பட்டன. பெருந்திரளாக வளரும் பவள இனங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே உயர்வதை நினைத்தால், கைப்பிடியளவு துண்டுக்குள் எத்தனை ஆண்டுகள் அடங்கியுள்ளன என்பது விளங்கும்.

சட்டத்துக்கு உட்பட்டுத் தொடங்க விரும்புவோருக்குக் கோமாளி மீன் தக்க துணை. அதை முட்டையிலிருந்தே வளர்க்கும் நுட்பத்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விழிஞ்ஞம், மண்டபம் மையங்கள் உருவாக்கியுள்ளன. கடல்சாமந்தி இன்றி அம்மீன் வாழாது என்று பலர் கூறினாலும், வேட்டையாடும் மீன்கள் இல்லாத தொட்டியில் அதற்கு அத்தகைய அரண் தேவைப்படுவதில்லை. குஞ்சுப் பொரிப்பகங்களில் இணை மீன்கள் மண்சட்டியின் உட்புறத்தையோ ஓட்டுத்துண்டையோ துப்புரவாக்கி முட்டையிட்டு, பொரியும்வரை துடுப்பால் விசிறிக் காத்து நிற்கின்றன.